பச்சை விளக்குக் குடும்பம்

எங்கள் தெருவில் இப்போதெல்லாம் யாரும் என் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பதில்லை. வாசல் நிலைக்கு மேலே பதித்திருக்கும் விளக்கைப் பார்க்கிறார்கள். பச்சையாக எரிந்தால் தலையாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்குக் கீழே நாற்காலி போட்டு நான் இருமிக்கொண்டிருந்தாலும் சரி, கண் சொருகிக் கிடந்தாலும் சரி, விளக்கு பச்சை என்றால் கோமதிநாயகம் சௌக்கியம். அவ்வளவுதான் விஷயம்.

நான் அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மனிதர்களைச் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கினவன். டிக்கெட் எடுக்காதவன் என்னைக் கண்டதும் திடீரென்று தூங்குவான். கொஞ்சம் படித்தவனாக இருந்தால் கோபப்படுவான். ரொம்பப் படித்தவன் நாட்டின் நிலைமையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். ஆகவே மனித குலத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. சொந்தக்காரர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் குறைவு.

எனக்கு வந்திருப்பது இதயச் செயலிழப்பு. ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைக் கேட்டதும் என் மகன் சிதம்பரவேல், நான் எதிரில் உட்கார்ந்திருப்பதையே மறந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். அவன் எப்போதும் தலைப்பை மட்டும் படிக்கிற ஆள். இதய நோய்ப் பிரிவின் நர்ஸ் ஜெபசெல்விதான் அவனை அதட்டி உட்கார வைத்தாள்.

"எதுக்கு சார் அழுதீய? இதயம் நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்ல. பம்பு பண்ணுத பலம் கொறஞ்சிருக்கு. முன்னால தள்ள முடியாத தண்ணி பின்னால தேங்குது. அதான் கால் வீங்குது, படுத்தா மூச்சு முட்டுது. உப்பக் கொறைக்கணும், தண்ணிய அளந்து குடிக்கணும், தெனமும் காலைல எடை பாக்கணும், மாத்திரைய விடக்கூடாது. ஒழுங்கா இருந்தா ஐயா நல்லா நடமாடுவாங்க."

"பழைய வண்டில ஆளக் கொறச்சு ஏத்தி ஓட்டுத மாதிரி," என்றேன்.

"அதேதான் ஐயா. மேட்டுல மட்டும் பாத்துப் போகணும்."

பிறகு அவள்தான் அந்த மணியைப் பற்றிச் சொன்னாள். நெல்மணி அளவுக்கு ஒரு கருவி. நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். உள்ளே அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கால் வீங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் பல நாள் முன்னாலேயே கண்டுபிடித்துவிடும். அரசாங்கமே எல்லா இதய நோயாளிகளுக்கும் வைத்துக் கொடுக்கிறது. மணியோடு வாசலுக்கு ஒரு விளக்கும் உண்டு. சரியாக இருந்தால் பச்சை, கவனிக்க வேண்டும் என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு.

"வாசல்ல எதுக்கும்மா? நான் என்ன போலீஸ் ஸ்டேஷனா?"

"வீட்டுல நீங்க ஒத்தைல இருக்கும்போது செவப்பு எரிஞ்சா பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வரணும்லா ஐயா. அதுக்குத்தான்."

யோசனை நல்ல யோசனைதான். யோசித்தவனுக்கு நம் ஜனங்களைத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. முதன்முதலில் எதிர்ச் சாரியில் ஒரு வீட்டில் சிவப்பு எரிந்தபோது தெருவே ஓடத்தான் செய்தது. ஓடிப்போய் வாசலில் நின்று, அந்த வீட்டு மருமகள் மாமியாருக்குச் சோறு போடுவதில்லை என்று பேசிக்கொண்டது. கிழவியை ஆட்டோவில் ஏற்றினது, கீரை விற்க வந்தவள். மறுவாரமே அந்த வீட்டுப் பையனுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் தட்டிப்போயிற்று.

அதோடு பிடித்தது சனி. மஞ்சள் எரிந்தால் அந்த வீட்டில் பெரியவர்களைக் கவனிப்பதில்லை என்று அர்த்தமாயிற்று. சிவப்பு எரிந்தால் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் விளக்கை விசாரிக்கத் தொடங்கினார்கள். 'பச்சை விளக்குக் குடும்பம், நல்ல நிறம்' என்று விளம்பரம் வருகிறது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும், அதைக் காட்டிப் பெண் கேட்காது.

எனக்கு முதலில் அவ்வப்போது மஞ்சள் வரும். ஏதாவது விசேஷ வீட்டில் தேங்காய்ப்பால் விட்ட சொதிச் சாப்பாட்டைக் கண்டு நாக்கை அடக்க முடியாமல் போனால் மறுநாள் மஞ்சள். ஜெபசெல்வி போனில் திட்டுவாள், மாத்திரையைக் கூட்டிக் குறைப்பாள், இரண்டு மூன்று நாளில் பச்சைக்குத் திரும்பிவிடும். நோய் என்றால் அப்படித்தானே. ஏறும், இறங்கும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு என் பேத்தி நிறைமதிக்கு ஒரு வரன் வந்தது.

நிறைமதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் நான் மரியாதை வைத்திருக்கிற ஒரே பிறவி அவள். என்னைத் தினமும் எடைபோடுவது அவள், மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள், வீங்கின காலுக்குத் தலையணை வைத்துத் தூக்கி விடுவது அவள். சின்ன வயதில் என் சீருடைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டில் எல்லாரிடமும் டிக்கெட் கேட்பாள். அவளுக்காக நான் உயிரைக்கூடக் கொடுப்பேன் என்று நினைத்திருந்தேன். இப்படிப் பேசுவது சுலபம்.

மாப்பிள்ளை அம்பலவாணன், நாகர்கோவில்காரன், கணினிக் கம்பெனியில் வேலை. அந்தக் குடும்பம் பச்சை விளக்குக்குப் பேர்போன குடும்பம் என்று தரகர் சொன்னார். அவர்கள் வீட்டுத் தாத்தாவுக்கும் என்னைப் போலத்தான் இதயம், ஆனால் மஞ்சள் என்பதையே அவர்கள் வாசல் கண்டதில்லையாம். நிறைமதி அவன் படத்தைப் பார்த்துவிட்டு, போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க மறந்துபோய்க் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வாசலிலும் பச்சை அசையவில்லை.

நான்தான் அசைந்துபோனேன். எழுந்து நின்றால் தலை சுற்றியது. கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலக் காப்பி குடித்துக் கொஞ்ச நேரத்தில் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருந்தது, அதுவும் ஒரு முறை இரண்டு முறை இல்லை. உடம்பில் தேங்குகிற நீரை வெளியேற்றக் காலையில் போடுகிற தண்ணி மாத்திரைக்குத்தான் அப்படி ஓடுவேன். சாயங்காலம் எனக்கு மாத்திரையே கிடையாது. வாழ்நாளெல்லாம் செக்கிங் போனவனுக்கு இது போதாதா? எவரோ காப்பியில் கலக்கிறார்கள்.

காப்பி போடுவது மருமகள் பத்மகலா. வாசலில் கோலம் போடும்போதுகூட விளக்கை ஒரு தரம் துடைத்துவிட்டு உள்ளே போகிறவள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. டிக்கெட் இல்லாதவனிடம் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பது முட்டாள்தனம், அவன் பையைத் துழாவியே ஊர் வந்துவிடும். சத்தமில்லாமல் காப்பியை ஜன்னலோரக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

"ஏன் தாத்தா, அம்மா போடுத காப்பி பிடிக்கலையா?" என்று நிறைமதி வந்து நின்றாள். "செடில ஊத்துதீங்க?"

"வாய்க்குச் சேர மாட்டேங்குது மதி."

"அப்ப நான் மோர் கலந்து தாரேன். உப்பு போடாம, இஞ்சி தட்டிப் போட்டு."

அவள் கலந்து கொடுத்த மோர் அமிர்தமாக இருந்தது. ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. சரிதான், பத்மகலா ரசத்துக்கு மாறிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். கெட்டிக்காரி என்று கொஞ்சம் மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

அந்த வாரம் ஜெபசெல்வி வீட்டுக்கு வந்தாள். வாசலில் விளக்கைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவளைக் குறை சொல்லக் கூடாது. எத்தனை வீட்டில் பச்சை எரிகிறது என்பதை வைத்துத்தான் அவளுடைய ஆஸ்பத்திரிக்கு மேலிடத்தில் மரியாதை. உள்ளே வந்து என் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளின இடம் மடிந்தபடியே நின்றது. உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தாள். மலர்ச்சி போய்விட்டது.

"ஐயா, தண்ணி மாத்திரை எத்தன போடுதீய?"

"காலைல ஒண்ணு."

"அது போக?"

"அத நீ இவங்ககிட்ட கேளு," என்றேன்.

மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். சிதம்பரவேல் அவசரமாக, "வெளக்கு பச்சையாத்தானே எரியுது சிஸ்டர்?" என்றான்.

"பச்சையா எரியத்தான் செய்யும் சார். அந்த மணிக்கு அழுத்தம் மட்டுந்தான் தெரியும். ஒடம்புல இருக்க தண்ணிய எல்லாம் உறிஞ்சு வெளிய எடுத்துட்டா அழுத்தம் தன்னால எறங்கிரும், பச்சையும் எரியும். உள்ள சிறுநீரகம் காய்ஞ்சு சாகுதது அதுக்குத் தெரியாது. இன்னைக்கே ரத்தம் எடுத்துப் பாக்கணும். மாத்திரைய நிறுத்தணும்."

"நிறுத்துனா மஞ்சள் வந்துருமா?" இதைக் கேட்டது பத்மகலா.

"வரலாம். வந்தா என்ன? அதப் பாத்துச் சரி பண்ணிக்கிடலாம்."

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராங்க சிஸ்டர்," என்றான் சிதம்பரவேல். குரல் குழைந்தது. "திங்கக்கெழம நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாரேன். இப்ப ஆஸ்பத்திரில சேத்தா மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சிரும். ஒரு நல்ல காரியம்..."

"சார், ஒண்ணு சொல்லுதேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இதுக்கு மேல ஒரு மாத்திரை கூடுதலா உள்ள போனாலும் கிட்னி போயிரும். ஆளே போயிரலாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க சரின்னு சொல்லுங்க. நான் இப்பவே ரத்தம் எடுக்கேன்."

நான் நிறைமதியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன் இருந்தது.

"திங்கக்கெழம பாத்துக்கிடலாம்மா," என்றேன்.

ஜெபசெல்விக்குப் பிடிக்கவில்லை. முடியவில்லை என்றால் எந்த நேரமும் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் நிறைமதி மோர் கொண்டுவந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் என்று நினைத்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஒரு பெரிய காரில் வந்து இறங்கினார்கள். முதலில் இறக்கினது பழத்தட்டை இல்லை. சக்கர நாற்காலியில் அவர்கள் வீட்டுத் தாத்தா தாணுமூர்த்தியை இறக்கினார்கள். வெளியூர் போகிற நோயாளிகளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளச் சின்ன விளக்கு ஒன்று உண்டு. அது அவர் நெஞ்சில் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க நகை போட்டுக்கொண்டு வருவார்கள், இவர்கள் கிழவரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா செண்பகவல்லி எங்கள் வாசலில் நின்று விளக்கை நன்றாக அண்ணாந்து பார்த்தாள். பத்மகலா அந்தக் கிழவரின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து நிறைவாகச் சிரித்துக்கொண்டார்கள். பெண்ணை அதற்கப்புறம்தான் கூப்பிட்டார்கள்.

"எங்க மாமாவ ஒரு நாளு மஞ்சள் காண விட்டதில்ல," என்றாள் செண்பகவல்லி. "எல்லாம் எம் மவந்தான். மருந்து மாத்திரைய வேற யாரையும் தொட விடமாட்டான்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். எல்லாம் நிறைமதி பொறுப்பு," என்றாள் பத்மகலா.

கேசரியும் பஜ்ஜியும் சுற்றி வந்தன. நோயாளிகள் எங்கள் இருவரையும் தாண்டித் தட்டு போயிற்று, அது சரியும்கூட. தாணுமூர்த்திக்குக் கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தேன். அன்று காலை கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று அவர்களைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். இதற்குள் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுப் பாத்ரூமுக்குப் போனேன். உட்கார்ந்துதான் இருக்கிறேன், சொட்டுச் சொட்டாக எரிகிறதே தவிர ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே துவைக்கிற கல் பக்கத்தில் அவர்கள் குரல் கேட்டது.

"உங்க தாத்தா எப்பவுமே பச்சைதானா?" அம்பலவாணன் குரல்.

"ஆமா."

"எங்க தாத்தாக்கு எப்பவாவது மஞ்சள் தட்டப் பாக்கும். அதுக்கு முன்னாலயே நான் ஒரு வேல பண்ணிருவேன்." தயங்கினான். "வேண்டாம், நீங்க தப்பா நெனைப்பீங்க."

"தண்ணி மாத்திரையா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அதுதான் போடுதேன்," என்றாள் நிறைமதி. "மொதல்ல காப்பிலதான் போட்டேன். குடிக்காம செடில ஊத்திட்டாங்க. இப்ப மோர்ல. நான் குடுத்தா கேள்வி கேக்காம குடிச்சிருவாங்க."

"நான் கஞ்சில போடுவேன். கசப்பே தெரியாது."

"நர்ஸ் பயங்காட்டுனாங்க. இனிமே குடுத்தா ஆளே போயிரலாம்னு. எனக்கு ரெண்டு நாளா அழுகையா வந்துச்சு."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கல்யாணம் வரைக்கும் ஒப்பேத்திட்டா போதும். அப்புறமா கொறச்சுக்கிடலாம்."

"இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொல்லுதேன்."

"நானுந்தான்."

இருவரும் சிரித்தார்கள். மனம் விட்டு, பாரம் இறங்கினவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை. உடம்பில் அதற்குத் தண்ணீர் இல்லை. வண்டியில் அத்தனை பேரையும் சோதித்தவன், பாஸ் வைத்திருந்த ஒருத்தியிடம் மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன். அவளுக்காக உயிரைக் கொடுப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

கூடத்துக்குத் திரும்பி வந்து தாணுமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாரும் மண்டப வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என் முழங்கையைத் தொட்டார். உதடு மட்டும் அசைந்தது.

"தண்ணி."

விருந்தாளிகளுக்காக வைத்திருந்த செம்பை எடுத்து அவர் வாயில் சாய்த்தேன். அவர் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டார். இதய நோயாளி தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அளப்பதற்கு முதலில் ஆள் இருக்க வேண்டுமே. மிச்சத்தை நான் குடித்தேன். பிறகு போனை எடுத்து, எல்லாரும் கேட்கும்படியாகவே பேசினேன்.

"ஜெபசெல்வி, ஆம்புலன்சோட வா தாயி. திங்கக்கெழம தாங்காது. ரெண்டு பேரு இருக்கோம்."

"எப்பா! என்னப்பா செய்தீங்க?" சிதம்பரவேல் பாய்ந்து வந்தான். பத்மகலா வாசல் விளக்கைப் பார்க்க ஓடினாள், அது இன்னும் பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி எழுந்து நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேருன்னா? எங்க மாமாவுக்கு என்ன? பச்சையாத்தானே இருக்கு?"

சத்தம் கேட்டுப் பிள்ளைகள் இருவரும் பின்கட்டிலிருந்து வந்தார்கள். நிறைமதி என் கையில் இருந்த காலிச் செம்பைப் பார்த்தாள். நான் வந்த வழியைப் பார்த்தாள். பாத்ரூம் ஜன்னல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் முகம் வெளுத்தது. யாருக்கும் தெரியாமல் 'வேண்டாம்' என்று தலையை அசைத்தாள்.

வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் காரில் ஏறிவிடுவார்கள். அப்புறம்? அவளுக்கு வேறொரு வரன் வரும், அந்த வீட்டில் ஒரு கிழவன் இருப்பான். இவனுக்கு வேறொரு பெண் வருவாள், அவளுக்கு அப்பா இருப்பார். இந்த இரண்டு பேரையும் பிரித்து இரண்டு வீட்டைக் கெடுப்பதற்குப் பதில் ஒரே வீட்டோடு போகட்டும்.

"ஒண்ணும் பதறாதீங்க," என்றேன். "வயசாளிங்க ரெண்டு பேரும் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரில இருந்து ஒடம்பத் தேத்திக்கிட்டு வாரோம். ஆஸ்பத்திரில இருந்தா வாசல் வெளக்கு அணைஞ்சுதானே இருக்கும்? ஒருத்தரும் மஞ்சள் பாக்க முடியாது."

அந்தக் கணக்கு செண்பகவல்லிக்கு உடனே புரிந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டாள். பத்மகலாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப, வீட்டுக்குப் பெரியவங்க நீங்க," என்றாள் செண்பகவல்லி. "இந்தச் சம்பந்தத்துல உங்களுக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

"பரிபூரண சம்மதம். ஊரெல்லாம் தேடுனாலும் இப்படி ஒரு பொருத்தம் கெடைக்காது. மாப்பிள்ள கஞ்சி நல்லா காய்ச்சுவாராம். எங்க மதிக்கு மோர் கலக்க நல்லாத் தெரியும். இன்னைக்குப் போல என்னைக்கும், நாளைக்கு வயசாகி இதயம் தளந்துபோற காலத்துலயும், ஒருத்தருக்கொருத்தர் கையால கலந்து குடுத்துக் குடிச்சிக்கிட்டு நல்லா இருக்கட்டும்."

கூடமே கலகலவென்று சிரித்தது. கிழவருக்கு உடம்பு முடியாவிட்டாலும் வாய்க் கொழுப்பு குறையவில்லை என்று யாரோ சொன்னார்கள். வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அம்பலவாணன் நிறைமதியைப் பார்த்தான், நிறைமதி அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.